தூங்கா நகரத்தில் ஓர் இயற்கை மருத்துவர்

என்னிடம் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஃபைலை நீட்டுவார்கள். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுத்த வரைக்கும் என்னென்ன பண்ணுனீங்க, சொல்லுங்க" என்று கேட்பேன். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நாடி பிடித்துப் பார்ப்பேன், ஏதாவது சூரணம் மடித்துத் தருவேன் என்று நினைத்து வந்திருப்பார்கள். இயற்கை மருத்துவத்தில் சூரணமும் கிடையாது, லேகியமும் கிடையாது. சித்த மருத்துவம் வேறு, ஆயுர்வேதம் வேறு, இது வேறு. தண்ணீர், மண், வெயில், காற்று, உணவு, உபவாசம், யோகா, ஓய்வு. எங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான். இவற்றில் எதை, யாருக்கு, எந்த நேரத்தில், எந்த அளவில் என்று முடிவு செய்ய வேண்டுமானால் அந்த மனிதரின் ஒரு நாள் எனக்கு முழுசாகத் தெரிய வேண்டும்.

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நள்ளிரவில் இறங்கினாலும் சூடாக இட்லி கிடைக்கும். அந்த இட்லியை அவிப்பவர் எப்போது சாப்பிடுகிறார், எப்போது படுக்கிறார் என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன்பே கிளம்புகிற அக்காக்கள், பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற அண்ணன்கள், ஆம்னி பஸ் ஓட்டுநர்கள், நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ் பிள்ளைகள். இவர்களுடைய நோய் ரத்தப் பரிசோதனைத் தாளில் தெரிவதைவிட இவர்களுடைய ராத்திரியில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு புரோட்டா மாஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்கிறார், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் 8.6க்குக் கீழே இறங்கவில்லை. நேற்றைய நாளைக் கேட்டேன்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மாவு பிசைய நின்னா ராத்திரி ஒன்றரை வரைக்கும் கல்லுக்கு முன்னாடிதான்மா. கடை அடைச்சப்புறம் நாங்க எல்லாரும் உக்காந்து சாப்புடுவோம். வீட்டுக்குப் போயி படுக்க மூணு மணி ஆயிரும்."

"நடுவுல எதுவும் சாப்பிட மாட்டீங்களாய்யா?"

"டீதான். வெக்கைக்கு முன்னாடி நிக்கிறோம்ல, டீ குடிக்காம முடியாது."

எத்தனை டீ என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை. எல்லாமே சர்க்கரை போட்டது. காலையில் எழுவது பத்தரைக்கு மேல். அப்போதும் டீ. காலை மாத்திரையை வெறும் வயிற்றில் பதினொரு மணிக்குப் போடுகிறார். இரவு மாத்திரையைப் பின்னிரவு இரண்டு மணிக்கு, புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட கையோடு. சீட்டில் 'காலை', 'இரவு' என்றுதான் எழுதியிருக்கிறது. அவருடைய காலை எது, இரவு எது என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அவரும் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது மூலக்கூறு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒரே அளவு உணவுதான் என்றாலும், காலையில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட ராத்திரியில் சாப்பிட்டால் ஏறுவது கூடுதல். ராத்திரியில் இன்சுலின் சுரப்பும் மந்தம், இன்சுலினுக்கு உடம்பு காது கொடுப்பதும் மந்தம். அந்த மாஸ்டருடைய நாளின் பெரிய சாப்பாடு விழுந்த நேரம் பின்னிரவு இரண்டு மணி. மருந்து மட்டும் தனியாக நின்று எவ்வளவுதான் போராடும்?

நான் முதலில் செய்தது ஒரு தாளில் அவருடைய நாளை மணிவாரியாக எழுதி, அவருடைய சர்க்கரை மருத்துவருக்குக் கொடுத்தனுப்பியது. அவர் மாத்திரை நேரங்களை மாற்றிக் கொடுத்தார். பிறகுதான் என் வேலை தொடங்கியது. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு இழுத்தோம். வேலைக்குப் போன பிறகு ஏழு மணிக்குள் கடையிலேயே ஒரு முழுச் சாப்பாடு. முதலாளியிடம் சொல்லிக் கால் மணி நேரம் வாங்கிக்கொண்டார். கடை அடைத்த பிறகு பசித்தால் மோரும் வேகவைத்த பயறும் மட்டும். டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். தாகத்துக்குத் தண்ணீர். படுக்கிற அறை ஜன்னலில் தடித்த போர்வை, பகல் வெளிச்சம் வராதபடி. தொட்டிக் குளியலோ, வயிற்றில் ஈரமண்ணைப் பரப்பி வைக்கும் மண் பட்டியோ அவருக்கு முதல் மாதத்தில் எதுவுமே கொடுக்கவில்லை. சிகிச்சையே தொடங்கவில்லை என்று அவர் வீட்டுக்காரம்மா நினைத்திருந்தார்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு எங்கள் ஊர் ஒரு காரணம். டி.கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே போகும் கரிசல் காட்டு ஊர் அது. பருத்தியும் குதிரைவாலியும் சோளமும் விளையும். டி.கல்லுப்பட்டியில் 1940இல் வெங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளில் அங்கேதான் தங்கியிருந்தார். கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கிராமத்திலேயே விளைந்து கிராமத்திலேயே உண்பது என்று அவர் பேசியதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் சில வீடுகளில் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் கதர் கட்டிய தாத்தா ஒருவர் இருந்தார். அவர் வீட்டு முற்றத்தில் சாய்வு நாற்காலி போல ஒரு தகரத் தொட்டி கிடக்கும். மலச்சிக்கல், வயிற்று உப்புசம் என்று யார் போனாலும் அதில் தண்ணீர் ஊற்றி உட்கார வைப்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது எனக்கு வேடிக்கை. பின்னாளில் கல்லூரியின் நீர் சிகிச்சைக் கூடத்தில் அதே வடிவத் தொட்டியைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் லூயி கூனே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய இடுப்புக் குளியல், காந்தி மூலமாக எங்கள் கரிசல் காட்டு முற்றம் வரை வந்திருக்கிறது.

பி.என்.ஒய்.எஸ். என்கிற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவம், ஆக ஐந்தரை ஆண்டு. நான் படித்தது சென்னை அரும்பாக்கத்தில், அண்ணா மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில். ஊரில், "அஞ்சு வருசம் மண்ணு பூசவா படிக்கணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. உடற்கூறியல் கூடத்தில் பிணத்தை அறுத்துத்தான் நாங்களும் தொடங்கினோம். உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்கூறியல், நுண்ணுயிரியல், மகப்பேறு, சமூக மருத்துவம், முதலுதவி, இவற்றோடு சேர்த்துத்தான் நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, உபவாசம், உணவியல், மசாஜ், அக்குபங்சர், யோகா எல்லாம். இந்தப் படிப்பில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், நோய்க்கூறியல் என்றுதான் சொல்வேன். எந்த வலி காத்திருக்கலாம், எந்த வலி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதை அதுதான் சொல்லிக்கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. நோயாளிக்குக் கொடுக்கப்போகிற ஒவ்வொன்றையும் மாணவர்கள் தங்கள் உடம்பில் முதலில் செய்து பார்த்தோம். எனிமா எடுத்தோம், குளிர்ந்த நீரில் உட்கார்ந்தோம், பழச்சாறு மட்டும் குடித்துப் பகல் முழுக்க வகுப்பில் இருந்தோம். பசியின் இரண்டாம் நாள் தலைவலி எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் உபவாசம் இருக்கிற ஒருவர் எரிந்து விழுந்தால் எனக்குக் கோபம் வராது.

காந்தியின் பெயரைச் சொல்லாமல் எங்கள் துறையைப் பேச முடியாது. 1945 நவம்பர் 18 அன்று அகில இந்திய இயற்கை மருத்துவ அறக்கட்டளையின் ஆயுள் தலைவராக அவர் கையெழுத்திட்டார். அந்த நாளைத்தான் 2018 முதல் தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடுகிறோம். மறு ஆண்டு புனேவுக்கு அருகே உருளிகாஞ்சன் கிராமத்தில் ஏழைகளுக்காக இயற்கை சிகிச்சை தொடங்கினார். மதுரைக்காரர்களுக்கு 1921 செப்டம்பர் 22 தெரியும், மேலமாசி வீதியில் தங்கியிருந்த அவர் அரையாடைக்கு மாறிய நாள். ஆனால் என் நோயாளிகளுக்கு நான் அதிகம் சொல்வது 1924 ஜனவரியை. எரவாடா சிறையில் இருந்தபோது காந்திக்குக் குடல்வால் அழற்சி வந்தது. புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். இயற்கை சிகிச்சையில் அவ்வளவு பற்றுக் கொண்ட மனிதர், கத்தி தேவைப்பட்டபோது ஒப்புக்கொண்டு படுத்தார். பிறகு இன்னும் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போகாதே என்று சொல்பவர்களை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

நெஞ்சு வலி, திடீரென்று ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பாம்புக்கடி, நாய்க்கடி, மூச்சுத் திணறல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, மயக்கத்தோடு வரும் காய்ச்சல். இவற்றில் எதுவும் என் வாசல் ஏற வேண்டியதில்லை. 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காசநோய்க்கு அரசு கொடுக்கும் மாத்திரையை முழுசாகச் சாப்பிட வேண்டும். குழந்தையாக இருந்தபோதே வந்த முதல் வகைச் சர்க்கரைக்கு இன்சுலின்தான் உயிர். அதை இரண்டு நாள் நிறுத்தினாலும் ரத்தம் அமிலமாகி உயிர் போகும். இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம், "இயற்கை வைத்தியத்துக்கு வந்துட்டேன், ஊசியை நிப்பாட்டிட்டேன்மா" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர்களை நான் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பயத்தைக் கொடுக்கும்.

மூட்டு வலி என்று மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். மூட்டுத் தேய்மானம் என்று நினைத்துக்கொண்டு எண்ணெய் தேய்ப்பதற்காக வந்தவர். விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது என்றார். தேய்மான வலி அப்படி இருக்காது. அது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தின்கிற நோய். ஆரம்பத்திலேயே சரியான மருந்து கொடுக்காவிட்டால் விரல்கள் கோணிப்போய்விடும். பிறகு எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. மூட்டு வாத மருத்துவரிடம் அனுப்பினேன். அங்கே மருந்து, இங்கே ஒத்தடம், பயிற்சி, உணவு, தூக்கம் என்று இரண்டும் சேர்ந்து நடக்கிறது. இப்போது அவரே தலை பின்னிக்கொள்கிறார். பூ வைத்துக்கொண்டு வருகிறார்.

இனி எங்கள் சிகிச்சைகளுக்கு வருகிறேன். மண்ணில் தொடங்கலாம், அதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. வயிற்றில் வைக்கிற மண் பட்டிக்குக் கண்மாய் வண்டலை அள்ளிவந்து பயன்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கும். இன்று பல கண்மாய்களில் சாக்கடை கலக்கிறது. வயல் மேல்மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் இருக்கும். அதனால் உரம் போடாத இடத்தில் மூன்று நான்கு அடி தோண்டி, அதற்குக் கீழே இருக்கும் மண்ணை எடுக்க வேண்டும். எனக்கு மண் வருவது எங்கள் ஊர்க் கரிசல் தரிசிலிருந்து. வெயிலில் நன்றாகக் காயவைத்து, கல்லும் வேரும் நீக்கிச் சலித்து, இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் அடை மாவுப் பதத்துக்குப் பிசைந்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, வெறும் வயிற்றில் தொப்புளை நடுவில் வைத்து 20 முதல் 30 நிமிடம். மண் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும், அதனால் குளிர்ச்சி மெதுவாக இறங்கும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயிலில் அலைந்து வயிறு காந்துகிறவர்களுக்கும், மலச்சிக்கல்காரர்களுக்கும், பதற்றத்தில் தூங்காதவர்களுக்கும் நல்ல இதம். புண் இருக்கும் தோலில் வேண்டாம். மாதவிடாய் நாட்களில் வேண்டாம். சளியும் இளைப்பும் இருக்கும்போது வேண்டாம். ஒருவருக்கு வைத்த மண் இன்னொருவருக்குக் கூடாது.

இடுப்புக் குளியலில் தொப்புள் வரை தண்ணீர் இருக்கும், கால்கள் தொட்டிக்கு வெளியே. 10 முதல் 20 நிமிடம், அடிவயிற்றைச் சொரசொரப்பான துணியால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு. எழுந்ததும் துடைத்து, சிறிது நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். படுத்துவிடக் கூடாது. வீட்டில் தொட்டி இல்லாதவர்கள் துணி துவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பை வாங்கிக்கொள்ளலாம், பிரச்சினை இல்லை. தூக்கம் வராதவர்களுக்குக் குளிர்ந்த நீரும் வேண்டாம், சுடுநீரும் வேண்டாம். உடம்புச் சூட்டை ஒட்டிய, 33 முதல் 36 டிகிரி வரை உள்ள நீர்தான் நரம்பைத் தணிக்கும்.

இதில் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்று. சர்க்கரை உள்ளவர்கள் சுடுநீரில் காலை வைக்காதீர்கள். கால் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை ஊறவைத்திருக்கிறார். "சூடே தெரியலம்மா, அதான் இன்னுங் கொஞ்சம் ஊத்துனேன்" என்றார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். என்னிடம் காட்டிய அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரலைக் காப்பாற்றவே அங்கே பெரும்பாடு பட்டார்கள். நீராவிக் குளியலும் அப்படித்தான். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், கர்ப்பம் இருந்தால் நீராவிப் பெட்டிக்குள் உட்காரக் கூடாது. உட்காருகிறவர்களும் முன்பே தண்ணீர் குடித்து, தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்ள வேண்டும்.

சாறு குடிப்பது இப்போது ஊரெங்கும் பரவியிருக்கிறது. காலையில் பார்க் பக்கம் போனால் அருகம்புல், வெண்பூசணி, சுரைக்காய் என்று வண்டி வண்டியாக நிற்கிறது. நல்ல பழக்கம்தான், சில எச்சரிக்கைகளோடு. சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் துப்பிவிடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் நச்சு, வாந்தியும் ரத்தப்போக்கும் வரவைக்கும், உயிரையும் எடுக்கும். மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடிப்பதுதான் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர், பழச்சாறு, கீரைச்சாறு எதுவும் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவற்றில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். 'இளநீர்தானே, இயற்கைதானே' என்று பாசத்தோடு வாங்கிவருகிற சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உபவாசத்துக்கும் அதே கவனம் வேண்டும். நம் ஊரில் சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை என்று விரதம் புதிதில்லை. பசியைப் பழகிய மக்கள். ஆனால் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று விழுந்து மயங்கிவிடுவார்கள். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது விரதத்தைப் பார்க்காமல் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். காஜிமார் தெரு, மகபூப்பாளையம் பக்கமிருந்து வருகிற சர்க்கரை நோயாளிகளிடம் ரமலானுக்குச் சில வாரம் முன்பே சொல்லிவிடுவேன், உங்கள் மருத்துவரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் நோன்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று. நோன்பு திறக்கும்போது கஞ்சி ஒரு கிண்ணம் போதும். வடையும் சமோசாவும் அடுத்தடுத்து வரும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. நபிகளாருடைய வழி என்று பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் இவர்கள் மதிக்கிறார்கள். அதையே பிடித்துக்கொண்டு, ஒரு பழத்தோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

சிறுதானியம் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். நான் குதிரைவாலி சாப்பிட்டு வளர்ந்தவள், அதை உயிராக நினைப்பவள். ஆனால் சிறுதானியம் என்றால் அளவே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. அதிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. வெள்ளையாகத் தீட்டிய வரகும் குதிரைவாலியும் உமி, தவிட்டோடு நார்ச்சத்தையும் இழந்தவை. கூழாகக் கரைத்துக் குடித்தால் சோறாக மென்று தின்பதைவிட வேகமாகச் சர்க்கரை ஏறும். ஆக, அதிகம் தீட்டாததை வாங்கி, சோறாக வடித்து, சமைத்த பிறகு ஒரு கப் அளவு. அதற்கு இரண்டு பங்கு காய். அவரையோ புடலையோ சுண்டைக்காயோ, அந்தந்தப் பருவத்தில் சந்தையில் மலிவாகக் கிடைப்பது. தட்டில் காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தாலே சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை குறைகிறது. சாப்பிட்டு முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் குறையும். இதற்குப் பைசா செலவில்லை. மாசி வீதிகளில் வாகன நெரிசலில் நடக்க முடியாதவர்கள் மொட்டை மாடியில் நடக்கட்டும்.

இதையெல்லாம் நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதுதான் என் அனுபவத்தில் கிடைத்த முக்கியமான பாடம். சாப்பாட்டை முடிவு செய்கிறவர் வேறொருவர். அந்தப் புரோட்டா மாஸ்டர் விஷயத்தில் முதல் சில வாரம் எதுவும் அசையவில்லை. பிறகு அவர் மனைவியையும் வரச் சொன்னேன். "ராத்திரி பூராவும் நின்னுட்டு வர்ற மனுசன, வெறும் மோரைக் குடிச்சுட்டுப் படுன்னு எப்படிம்மா சொல்றது?" என்று அந்த அம்மா கண் கலங்கினார். கடையில் சாப்பிட்டு வந்தாலும், அவர் வீடு திரும்பும் நேரத்தில் எழுந்து சோறு போடுவதுதான் அந்த அம்மா காட்டத் தெரிந்த பிரியம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிரியத்தைப் பகல் பன்னிரண்டரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சூடாகச் சமைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஒரு வாரம்கூட நேரம் தவறவில்லை. மாமியார் இருக்கும் வீடாக இருந்தால் மாமியாரையும் கூப்பிடுவேன். பெண்கள் நோயாளியாக வந்தால் இன்னும் கடினம். தனக்கென்று ஒரு கப் குதிரைவாலி தனியாக வடித்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வராது. அப்போது வீடு முழுக்க அந்தச் சமையலுக்கு மாறுவது ஒன்றே வழி. கணவரிடம் அதை நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

விருந்தும் கொண்டாட்டமும் இல்லாத மதுரை வாழ்க்கையை யாருக்கும் நான் சொல்வதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஜிகர்தண்டா குடிக்கத்தான் செய்வார்கள். குடிக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலப் பலகாரத்தை விட்டுவிடட்டும். கறிச்சோறு வேண்டுமென்றால் மதியத்தில் வைத்துக்கொள்ளட்டும். இயற்கை மருத்துவர் என்றால் கறி சாப்பிடுகிறவர்களைக் கீழாகப் பார்ப்பார் என்ற கூச்சத்தோடு பலர் வருகிறார்கள். கூச்சத்தில் பாதியை மறைத்துச் சொன்னால் நான் கொடுக்கும் திட்டமும் பாதிதான் வேலை செய்யும்.

மாஸ்டருக்கு இரண்டாம் மாதம் முதல் வயிற்று மண் பட்டியும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்தேன். கல்லுக்கு முன் நின்று இறுகிய முதுகுக்குத் தடவல். ரத்த அழுத்தம் மெதுவாக இறங்கியது. எச்பிஏ1சி 7.1க்கு வந்தது. அவருடைய மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார், இன்னொன்று தொடர்கிறது. அது தொடர்வதில் எனக்கு வருத்தமில்லை. அவர் பகலில் தூங்கி எழும்போது தலை கனமில்லை என்கிறார், வேலையில் கால் கடுப்பது குறைந்திருக்கிறது என்கிறார். நான் விரும்பிய சிகிச்சை இதுதான்.

இயற்கை மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்களா? பி.என்.ஒய்.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், கேட்டால் கோபப்படாதவரிடம் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. கையில் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதையும் சேர்த்து. வீட்டில் சமைப்பவரைக் கூட்டிப்போங்கள். நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரையை ஒழிக்கிறேன், புற்றை மண்ணால் கரைக்கிறேன், எல்லா மாத்திரையையும் இன்றே நிறுத்து என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. அதனால் மாற்றத்தைத் தொடங்கி மூன்று மாதம் கழித்து அந்தப் பரிசோதனையை எடுங்கள். நடுவில் வீட்டுக் கருவியில் பார்த்த அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். தாளையும் நோட்டையும் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா, அப்படியே தொடரலாமா என்று அவர் சொல்லட்டும்.